பந்து படும் அந்த அரை மில்லிவிநாடியில் கை என்ன செய்கிறது? மாமாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு

லயத்து_மருமகன் (மூணாறு)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு வழக்கு ஓடிக்கிட்டு இருக்கு, அது தீரணும்னுதான் இந்த இழையைத் தொடங்குறேன்.

எங்க தாய்மாமா முப்பத்தஞ்சு வருஷமா கோல்ஃப் மைதானத்துல கேடி, அதாவது ஆடுறவங்க ஸ்டிக்குப் பையைத் தூக்கிட்டுக் கூடப் போற வேலை. மீசை முளைக்கும் முன்னாடியே தொரைமாருக்குப் பை தூக்கினவர். பாத்துப் பாத்தே ஆடக் கத்துக்கிட்டார். எஸ்டேட்டுல அவர் மாதிரி டிரைவர்ல (ரொம்பத் தூரம் அடிக்கிற ஸ்டிக்கு) அடிக்கிற ஆளை நான் பாத்ததில்லை. எனக்கும் அவர்தான் சொல்லிக் குடுத்தார். அவரோட முதல் பாடம் இதுதான்: "பந்துல படுற நேரத்துல கையை இறுக்கு மாப்ளே. உன் உடம்பு எடை பூரா பந்துக்குள்ள இறங்கணும். அந்த நேரத்துல கை தளர்ந்தா பந்து செத்துப்போகும்."

நான் பி.எஸ்சி. இயற்பியல். பந்தும் ஸ்டிக்கும் ஒட்டியிருக்கிற நேரம் ரொம்பக் குறைவு, அதுக்குள்ள கை எதுவும் பண்ண முடியாதுன்னு படிச்சிருக்கேன். சொன்னேன். மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "சம்மட்டியைத் தளர்வாப் பிடிச்சு ஒரு கல்லை உடைச்சுக் காட்டு." எனக்குப் பதில் வரலை. யாராவது முழுசா விளக்குங்க. அவருக்குப் படிச்சுக் காட்டணும், அதனால சூத்திரம் மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

தம்பி, நல்ல கேள்வி. முதலில் அளவுகளை வைத்துக்கொள்வோம்.

விதிப்படி பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. டிரைவரின் தலை, அதாவது பந்தில் படும் பகுதி, சுமார் 200 கிராம். நன்றாக ஆடுகிறவர் கையில் அந்தத் தலை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வருகிறது, அதாவது மணிக்கு 162 கிலோமீட்டர். பந்தும் தலையும் தொட்டிருக்கும் நேரம் சுமார் 0.45 மில்லிவிநாடி. ஒரு விநாடியை இரண்டாயிரமாக நறுக்கினால் ஒரு துண்டுதான் கிடைக்கும்.

அடுத்தது மீட்சிக் கெழு. இரண்டு பொருள்கள் மோதும் முன் எவ்வளவு வேகமாக நெருங்கின, மோதிய பின் எவ்வளவு வேகமாக விலகின என்ற விகிதம் அது. டிரைவருக்கு விதி அனுமதிக்கும் உச்சம் ஏறக்குறைய 0.83. உந்தம் மாறாது என்ற விதியையும் இதையும் சேர்த்தால் பந்தின் வேகம் தலையின் வேகத்தைப் போல் 1.83-ஐ 1.23-ஆல் வகுத்த மடங்கு. 1.83 என்பது ஒன்றும் மீட்சிக் கெழுவும். 1.23 என்பது ஒன்றும், பந்தின் நிறையைத் தலையின் நிறையால் வகுத்ததும். விடை 1.49. பந்து விநாடிக்கு 67 மீட்டரில் கிளம்புகிறது, மணிக்கு 241 கிலோமீட்டர்.

ஆற்றல் எங்கே போனது என்று பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வரும்போது தலையில் 202 ஜூல். மோதிய பின் பந்தில் 103. தலை விநாடிக்கு 29.6 மீட்டரில் தொடர்ந்து போகிறது, அதில் 88 மிச்சம். சுமார் 12 ஜூல் மட்டும் பந்தின் உள்ளே வெப்பமாகவும் கொஞ்சம் ஒலியாகவும் போகிறது.

இந்தக் கணக்கில் நான் கையையே சேர்க்கவில்லை. தலை ஷாஃப்டில் (ஸ்டிக்கின் தண்டில்) மாட்டாமல் தனியாகப் பறந்து வந்து பந்தில் மோதியதாகத்தான் வைத்துக்கொண்டேன். ஆனாலும் மைதானத்தில் அளக்கும் கருவிகள் காட்டுவது இதே 1.48, 1.49 தான். கை பெரிதாகத் தள்ளியிருந்தால் இந்த எண் தாண்டியிருக்கும்.

வாளையார்_மெக்கானிக்

சார் சொல்றது புரியுது, ஆனா நான் ஃபோன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாத்திருக்கேன். விநாடிக்கு 240 ஃப்ரேம். அதுல பந்து ஸ்டிக்கோட ஒட்டிக்கிட்டே கொஞ்ச தூரம் போற மாதிரி தெரியுது. ஷாஃப்ட் வில்லு மாதிரி வளைஞ்சு தள்ளுது. அது தள்ளு இல்லாம என்ன?

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

240 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிவிநாடிக்கு மேல் இடைவெளி. மோதல் முழுவதும் அந்த இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு படத்தில் பந்து டீ என்ற சின்ன முளை மேல் இருக்கும், அடுத்த படத்தில் 28 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் நடந்ததை உங்கள் ஃபோன் பார்க்கவே இல்லை. மோதலின் போது தலை நகர்வது மொத்தம் 1.7 சென்டிமீட்டர், கட்டைவிரல் அகலம்.

வளைவு இரண்டு வகை. ஃபோன் கேமரா படத்தை ஒரே நொடியில் எடுப்பதில்லை, வரிவரியாக வாசிக்கிறது. மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் நடுவில் ஷாஃப்ட் நகர்ந்துவிடுவதால் வாழைப்பழம் போல் வளைந்து தெரிகிறது. அது பொய் வளைவு. மெய்யான வளைவும் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் பக்கம் இல்லை. பந்தை நெருங்கும்போது தலை கையை விட முன்னால் சாய்ந்து, ஷாஃப்ட் இலக்குப் பக்கமாக வளைந்திருக்கும். கை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தால் தலை பின்தங்கி அல்லவா இருக்க வேண்டும்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே மின்னொளி வீச்சில் கோல்ஃப் வீச்சைப் படம் எடுத்தார். இப்போதும் அதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

பெரியாறு_நிலா (வண்டிப்பெரியார்)

சார், நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஒரு சந்தேகம். தலை மட்டும் 200 கிராம்னு எடுக்குறீங்க. ஆனா அது ஷாஃப்ட்டோட ஒட்டியிருக்கு, ஷாஃப்ட் கையோட, கை தோளோட. எல்லாம் ஒரே கட்டுதானே? அந்த எடையை எந்த உரிமையில விடுறோம்? மாமாவோட கேள்வியும் இதுதான்னு நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

இந்த இழையின் உயிரே இந்தக் கேள்விதான், நன்றி அம்மா.

ஒட்டியிருப்பது வேறு, விறைப்பாக ஒட்டியிருப்பது வேறு. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான மெல்லிய குழாயின் நுனியில் தலை இருக்கிறது. நுனியைப் பக்கவாட்டில் விரலால் அழுத்தினாலே வளையும். பந்து தலையின் மேல் கொடுக்கும் விசையைக் கணக்கிடுங்கள்: பந்து பெற்ற உந்தத்தை 0.45 மில்லிவிநாடியால் வகுத்தால் சராசரியே 700 கிலோ எடைக்குச் சமம். உச்சம் ஒரு டன்னைத் தாண்டும். ஒரு டன் எதிர்த்து நிற்கும்போது அந்த மெல்லிய குழாய் வழியாகக் கை எவ்வளவு உதவ முடியும்? ஒன்றரை சென்டிமீட்டர் வளைவில் ஷாஃப்ட் கடத்தக்கூடிய விசை அதன் முன் மிகச் சிறியது.

1960களில் பிரிட்டனில் அலஸ்டேர் காக்ரன் இருந்த ஆய்வுக்குழு இதை நேராகவே சோதித்தது. டிரைவரின் தலைக்குச் சற்று மேலே ஷாஃப்டில் ஒரு கீல் வைத்தார்கள், கதவுக்கு வைப்பது போல. கீல் வழியாகத் தள்ளு கடக்காது. ஆனாலும் பந்து ஏறக்குறைய வழக்கமான தூரம் போனது.

இன்னொன்று. மணிக்கட்டில் ஏற்படும் தூண்டல் நரம்பு வழியாக மூளையை எட்டவே சுமார் 20 மில்லிவிநாடி. அதற்குள் பந்து டீயை விட்டு ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும். "பட்டது" என்று மாமா உணரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

லயத்து_மருமகன்

ராத்திரி கணப்புப் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். கீல் வைச்ச கதையை ரெண்டு தடவை கேட்டார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, பந்து போயிடுச்சு, எனக்கு அப்புறம்தான் தெரியுதுன்னே வச்சுக்கோ. ஆனா கையை விட்டுட்டு அடிச்சா ஸ்டிக்கு பறந்து முதிரப்புழையில விழுமே? இறுக்காம எப்படி? சம்மட்டிக்கு என்ன பதில்?" அப்டின்னு திரும்ப அங்கயே வந்துட்டார்.

அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்குன்னு எனக்கும் படுது.

குப்பம்_கல்லுக்காரர் (சித்தூர் மாவட்டம்)

நான் கோல்ஃப் ஆடினதே இல்லை. சம்மட்டின்னு பாத்ததும் எழுதாம இருக்க முடியலை. எங்க வீட்டுல ரெண்டு தலைமுறை கல்வேலை. இந்தப் பக்கம் கிரானைட் குவாரிதான் சோறு போடுது. அப்பா சம்மட்டி பிடிச்சவர், சின்ன வயசுல நானும் பிடிச்சிருக்கேன்.

மாமாகிட்ட ஒண்ணு கேளுங்க: பெரிய சம்மட்டிக்கு எங்காளுங்க என்ன பிடி போடுவாங்க? கெட்டி மரம் இல்லைங்க, மூங்கில். அதுவும் வளையுற மாதிரி பாத்து எடுத்த மூங்கில். தலைக்கு மேல தூக்கினா சம்மட்டி பின்பக்கம் தொங்கி ஆடும். புதுசாப் பாக்கிறவங்க இதை வச்சு எப்படிக் கல்லு உடைப்பீங்கன்னு கேப்பாங்க. கெட்டிப் பிடி போட்டா கல்லு உடையுதோ இல்லையோ, சாயந்தரத்துக்குள்ள மணிக்கட்டு போயிடும், தோள்பட்டை போயிடும். மூங்கில்னா அதிர்ச்சி கைக்கு ஏறாது. கல்லு அதே மாதிரிதான் உடையும்.

அப்பா எனக்குச் சொன்னது: "தூக்குறதும் இழுக்குறதும் உன் வேலை. கல்லுல படுற நேரத்துல சம்மட்டியை அதும் போக்குல விட்டுடு." இறுக்கிப் பிடிச்சா பின்னாலேயே நின்னு கத்துவார். வாத்தியார் சொன்ன கீலும் எங்க மூங்கிலும் ஒண்ணுதானே?

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

ஒன்றேதான் ஐயா. முப்பது வருடமாக மோதலைப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஓர் எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றியதில்லை. அடுத்த ஆண்டு வகுப்பில் மூங்கில் பிடியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

மாமாவின் நியாயத்துக்கும் வருகிறேன். தலை வட்டப்பாதையில் வருகிறது. வட்டத்தில் போகிற பொருளை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவண் கல் போல நேராகப் பறந்துவிடும். 200 கிராம் தலை, விநாடிக்கு 45 மீட்டர், ஆரம் 1.3 மீட்டர் என்று வைத்தால் கை இழுக்க வேண்டிய விசை 30 கிலோ எடைக்கு மேல். ஒரு சிமென்ட் மூட்டையில் பாதிக்கு மேல்! பந்தை நெருங்கும் நேரத்தில் மாமாவின் கை இந்தச் சுமையைத்தான் தாங்குகிறது. அதனால் கை இறுகுகிறது, இறுகத்தான் வேண்டும். ஆனால் அந்த இழுவை ஷாஃப்டின் நீளவாக்கில் உடம்பை நோக்கி, பந்துப் பக்கமாக இல்லை. அவர் உணர்வது மெய். அந்த இறுக்கம் பந்தைத் தள்ளுகிறது என்று பொருள் சொன்னதில்தான் பிசகு.

உடம்பு எடையும் அப்படித்தான். கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து தலைக்கு வேகம் ஏற்றுகின்றன. மேலிருந்து கீழே வரும் கால் விநாடிக்குள் அந்த 202 ஜூலும் ஏறியாக வேண்டும். ஏற்றும் வேலை பந்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வாளையார்_மெக்கானிக்

ஃப்ரேம் கணக்கை நானே போட்டுப் பாத்தேன், சார் சொன்னது சரி. என் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன்.

அப்போ இன்னொண்ணு. கையால தள்ள முடியாதுன்னா தலையையே கனமாக்கினா என்ன? வெல்டிங் பட்டறை நம்மகிட்ட இருக்கு. 300 கிராம் ஆக்கினா?

பெரியாறு_நிலா

அண்ணா, இதை நான் போட்டுப் பாத்துட்டேன். சார் சரிபாக்கட்டும். 300 கிராம்னா 1.49 இருக்கிற இடத்துல 1.59 வருது. தலை எடை ஒன்றரை மடங்கு ஏறியும் பந்து வேகம் 7 சதவீதம் கூட ஏறலை. தலையை மலை அளவு கனமாக்கினாலும் 1.83-ஐத் தாண்டாது. ஆனா கனம் கூடினா வீசுற வேகம் குறையும்ல? 45 மீட்டர் 42 ஆனாலே கிடைச்ச லாபம் போச்சு. வெறும் வேகத்தை 7 சதவீதம் கூட்டினா பந்து வேகமும் அப்படியே 7 சதவீதம் கூடும். 200 கிராம் பக்கத்துல ஏன் எல்லாரும் நிக்கிறாங்கன்னு இப்பத்தான் புரியுது.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

கணக்கு சரி.

மறையூர்_கரும்பு

படிச்சுக்கிட்டே வந்தேன். எனக்கு மழைக்காலச் சந்தேகம். ஆனி, ஆடியில புல்லு நனைஞ்சு கிடக்கும். அப்போ ஐயன்ல (இரும்புத் தலை ஸ்டிக்கு) அடிச்சா பந்து கிரீன்ல (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) நிக்கவே மாட்டேங்குது, விழுந்து ஓடிப்போயிடுது. வெயில் காலத்துல அதே அடி விழுந்த இடத்துல நிக்கும். இதுக்கும் மோதலுக்கும் சம்பந்தம் உண்டா?

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

நிறைய உண்டு. இதுவரை நேர்மோதலாக மட்டும் பேசினோம். உண்மையில் ஸ்டிக்கின் முகம், அதாவது தலையில் பந்தைத் தொடும் பக்கம், மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பந்து அந்தச் சாய்வில் மேலே வழுக்கப் பார்க்கிறது, உராய்வு அதைப் பிடிக்கிறது. பிடித்ததும் உருள ஆரம்பிக்கிறது. பின்சுழற்சி அங்கேதான் பிறக்கிறது. அதே அரை மில்லிவிநாடிக்குள் டிரைவரில் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று, முகம் அதிகம் சாய்ந்த வெட்ஜ் என்ற ஸ்டிக்கில் ஒன்பதாயிரம், பத்தாயிரம் கூட.

நடுவில் தண்ணீரோ புல்லின் சாறோ புகுந்தால் உராய்வு விழுந்துவிடும். சுழற்சி குறைந்தால் பந்து தரையில் விழுந்ததும் பிடி இல்லாமல் ஓடும். முகத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் தண்ணீர் வழிவதற்காகத்தான், லாரி டயருக்கு இருப்பது போல. காய்ந்த முகத்தில் பள்ளம் இல்லாமலும் நல்ல சுழற்சி வரும். பள்ளங்களின் அளவையும் ஓரக் கூர்மையையும் 2010 முதல் விதி இறுக்கிவிட்டது, ரஃபிலிருந்து (ஓரத்து உயரமான புல்லிலிருந்து) அடிப்பவர்களுக்கு அவ்வளவு சுழற்சி கிடைக்கக்கூடாது என்று.

சுழற்சி பற்றி ஒரு பழைய கதை. எடின்பரோவில் பீட்டர் டேட் என்ற இயற்பியலாளர் 1890களில் கோல்ஃப் பந்தின் பின்னாலேயே அலைந்தார். பந்தில் ஒரு நாடாவைக் கட்டி அடிக்கவைத்து, நாடா எத்தனை முறுக்கு ஏறியது என்று எண்ணிச் சுழற்சியை அளந்தார். பந்து காற்றில் அவ்வளவு நேரம் நிற்பது பின்சுழற்சி தரும் தூக்குவிசையால்தான் என்று காட்டியவர் அவர். அவருடைய மகன் ஃப்ரெடி டேட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றார். அப்பா கணக்கு, மகன் ஸ்டிக்கு. மாமா மருமகன் வழக்கைப் பார்க்கும்போது அவர்கள் நினைவுதான் வருகிறது.

லயத்து_மருமகன்

குப்பத்து அண்ணனுக்கு மாமா தனியா வணக்கம் சொல்லச் சொன்னார். மூங்கில் பிடியைக் கேட்டதும் எழுந்து நின்னுட்டார். ரோடு போட வந்த கல்லொட்டர்கள்கிட்ட சின்ன வயசுல அந்த ஆடுற சம்மட்டியைப் பாத்திருக்காராம். "அவங்க கை இறுகவே இறுகாது மாப்ளே, நான் பாத்திருக்கேன்" அப்டின்னார். 30 கிலோ இழுவையைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும், கேடி வேலைக்கு வந்த முதல் வருஷமே தோள்ல தெரிஞ்சது" அப்டின்னார்.

சாருக்கு ரெண்டு கேள்வி வச்சிருக்கார். மார்கழியில விடியக்காலம் புல்லுல உறைபனி கிடக்கும்போது பந்து கல்லு மாதிரி இருக்கும், தூரமே போகாது. அப்போ பழைய தொரை ஒருத்தர் பந்தைக் கணப்புக்கிட்ட வச்சு எடுத்துட்டு வருவாராம். அது சரியா? இன்னொண்ணு, ஸ்டிக்கு முகத்தோட நுனிப்பக்கம் (ஷாஃப்ட்டுக்கு எட்டின பக்கம்) பட்டா பந்து வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் திரும்பி வருது. தப்பா அடிச்ச அடி ஏன் தானா வழிக்கு வருது?

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

பந்தின் உள்ளே இருப்பது செயற்கை ரப்பர். குளிரில் மீட்சி குறையும், காற்றும் அடர்த்தியாகும், இரண்டும் சேர்ந்து தூரத்தைத் தின்னும். சூடாக்கினால் பலன் உண்டு, ஆனால் வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடிப்பதை விதி தடுக்கிறது. வீட்டுக்குள் சாதாரணமாக வைத்திருந்து எடுத்து வரலாம். ஒன்றைச் சொல்ல வேண்டும், சுமார் 1500 மீட்டர் உயரத்தில் கடலோரத்தை விடக் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. மூணாறில் பழகிய தூரத்தை நம்பி கொச்சியில் ஆடினால் பந்து குட்டையாக விழும்.

நுனியில் படும் அடி அழகான விஷயம். தலையின் எடைமையம் நடுவில், சற்றுப் பின்னால் இருக்கிறது. பந்து நுனிப்பக்கம் மோதினால் தலை அந்தப் பக்கம் பின்னோக்கித் திருகுகிறது, முகம் வலது பக்கம் திறக்கிறது. முகமும் பந்தும் உராய்வால் ஒட்டியிருப்பதால் இரண்டு பற்சக்கரங்கள் போல ஒன்று ஒரு பக்கம் திரும்ப மற்றது எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பந்துக்கு இடப்பக்கம் வளையும் சுழற்சி கிடைக்கிறது. டிரைவரின் முகத்தைக் கொஞ்சம் உப்பலாகச் செய்திருப்பது இதற்காகத்தான்: நுனியில் பட்டால் வலப்பக்கம் கிளம்பட்டும், சுழற்சி திருப்பிக் கொண்டுவரட்டும் என்று. மரத்தலை செதுக்கிய காலத்து ஆசாரிகளே இந்த உப்பலை வைத்துவிட்டார்கள். இங்கேயும் கையால் திருகலைத் தடுக்க முடியாது, தலை திருகி முடித்த பிறகுதான் கைக்குச் செய்தி வரும்.

வாளையார்_மெக்கானிக்

முகத்துல எங்க படுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நான் நடுவுலதான் அடிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

பெரியாறு_நிலா

அண்ணா, முகப்பவுடர் போதும். ஸ்டிக்கோட முகத்துல லேசாத் தடவி ஒரு அடி அடிங்க, அச்சு விழும்.

லயத்து_மருமகன்

நிலா சொன்னதைப் பாத்துட்டு இன்னிக்குக் காலையில நாங்களும் பண்ணினோம். அத்தையோட பவுடர் டப்பா. முதல்ல நான் அஞ்சு அடி. அஞ்சு அச்சும் அஞ்சு இடத்துல, ரெண்டு நுனியில, ஒண்ணு அடி விளிம்புல. துடைச்சுட்டு மாமாகிட்ட குடுத்தேன். வழக்கமா இறுக்கிப் பிடிக்கிற மாதிரி மூணு அடி, அப்புறம் குப்பத்து அண்ணன் அப்பா சொன்ன மாதிரி, இழுத்துட்டு அதும் போக்குல விட்டு மூணு அடி. பந்து விழுந்த இடத்துல பெரிய வித்தியாசம் எதுவும் எங்க கண்ணுக்குத் தெரியலை. பின்னால அடிச்ச மூணும் கொஞ்சம் நேராப் போச்சுன்னு மாமா சொல்றார், நான் அளக்கலை.

ஆனா ஆறு அச்சும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, முகத்துக்கு நட்டநடுவுல ஒரே வட்டம். ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்துச்சு. மாமா அதைக் கட்டைவிரலால தடவிப் பாத்துட்டுக் கேட்டார்: "பந்து உருண்டைதானே, உருண்டை தொட்டா ஒரு புள்ளிதானே விழணும்? இது ஏன் காசு அளவு இருக்கு?"

நான் சொன்னேன்: "அந்த அரை மில்லிவிநாடியில பந்து ஆறேழு மில்லிமீட்டர் நசுங்குது மாமா. ஒரு டன் அமுக்குது."

பவுடரைத் துடைக்க விடலை. ஸ்டிக்கை அப்படியே பையில வச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டார், அத்தைகிட்ட காட்டணுமாம்.